இதை எங்க ஊத்துறது, ஐயா?

போன ஆனி மாதம் ஒரு பின்னேரம். திருகோணமலை உப்புவெளிக் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை முகப்பில் ஒரு வெள்ளை வான் நின்றது. உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, கூரையில் சூரியத் தகடு எல்லாம் பூட்டிய வான். கொழும்பிலிருந்து வந்த இளம் புருசனும் பெண்சாதியும். இரண்டு மாதமாக அதிலேயே படுத்தெழும்பி நாடு சுற்றுகிறார்களாம். அடுத்தது கண்டி, நுவரெலியா, ஹப்புத்தளை. கடைக்குப் போய்த் திரும்பிய என்னிடம் அந்தப் பொடியன் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். அதற்குச் சில்லும் கைபிடியும் இருந்தன. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஐயா, இதை எங்க ஊத்துறது?"

வானுக்குள் இருக்கும் சிறிய மலசலகூடத்தின் தாங்கி அது. ஆசனத்துக்குக் கீழே பெட்டி போலச் செருகியிருக்கும், நிறைந்ததும் இழுத்தெடுக்கலாம். இருபது லீற்றர் கொள்ளும். நிறைந்திருந்தது.

நான் 32 வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை பார்த்தவன். மலசலகூடம் கட்டித் தாருங்கள் என்று என்னிடம் வந்தவர்களுக்குக் கணக்கில்லை. நிறைந்ததை எங்கே கொண்டுபோய் ஊற்றுவது என்று தானாக வந்து கேட்டவர்கள் மிகக் குறைவு. அவனை எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போனது. வீட்டுக்குக் கூட்டிப்போய், உள்ளே என்ன மருந்து விட்டிருக்கிறாய் என்று முதலில் கேட்டேன். மணம் எழாமலிருக்க ஒரு நீலத் திரவம் விடுவார்கள். அதில் ஃபோமல்டிஹைட் இருந்தால் மலக்குழியில் வேலை செய்யும் கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். பிறகு குழி செத்த குழிதான். அவன் போத்தலைக் கொண்டுவந்து காட்டினான், அந்தச் சாமான் இல்லாத வகை. பின் வளவு மலசலகூடத்தில் மெல்ல ஊற்றச் சொல்லி, பின்னால் இரண்டு வாளி தண்ணீர் அடித்தோம். பெட்டியைக் கழுவிய தண்ணீரையும் அதற்குள்ளேயே விடச் சொன்னேன்.

போகும்போது கேட்டான்: "மலைநாட்டுப் பக்கம் எங்க ஐயா ஊத்தலாம்?"

என்னால் உடனே ஒரு இடமும் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியால்தான் எழுதப்படுகிறது. அதே கேள்வியோடு நானும் ஒரு மலைப் பாதையில் ஒரு நாள் முழுக்க அலைந்திருக்கிறேன்.

மகன் கனடாவில், கல்கரியில் இருக்கிறான். 2023 செப்டெம்பர் கடைசியில் என்னையும் மனைவியையும் ரொக்கி மலை பார்க்கக் கூட்டிப்போனான். 25 அடி நீள வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தான். அங்கே அதை ஆர்.வி. என்கிறார்கள். குசினி, கட்டில், குளியலறை, மலசலகூடம் எல்லாம் அதற்குள்ளேயே. மகன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி, நாங்கள் இருவர் என்று ஐந்து பேர்.

எனக்கு வண்டியின் சொகுசைவிட அதன் வயிறுதான் பார்க்க ஆசை. கீழே மூன்று தாங்கிகள். ஒன்று நல்ல தண்ணீர். இரண்டாவது கோப்பை கழுவும், குளிக்கும் தண்ணீர் போய் விழுவது, அதைச் சாம்பல் தாங்கி என்பார்கள். மூன்றாவது மலசலகூடத்துக்குரிய கறுப்புத் தாங்கி. சுவரில் ஒரு பொத்தானை அமர்த்தினால் சின்ன விளக்குகள் எரிந்து எந்தத் தாங்கி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும். நாலைந்து நாளைக்குப் பிரச்சினை வராது என்று வாடகைக்குக் கொடுத்தவர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டாம் நாள் பின்னேரமே கறுப்புத் தாங்கியின் விளக்கு மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டுவிட்டது. காரணம் வெளிச்சம். அவர்கள் கணக்குக் கடதாசியால் துடைக்கிற ஆட்களுக்கானது, நாங்கள் கழுவுகிறவர்கள். மனைவி ஒரு வெற்றுத் தண்ணீர்ப் போத்தலை உள்ளே வைத்திருந்தாள், ஆளுக்கு ஒரு போத்தல் என்றாலும் நாளுக்கு எத்தனை தரம்? மருமகளுக்கு முகம் வாடிவிட்டது, மாமியிடம் இதை எப்படிச் சொல்வது என்று.

"தண்ணி கூடப் போறது அந்தத் தாங்கிக்கு நல்லது, பிள்ளை" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதில்லை. தண்ணீர் போதாவிட்டால் திடக்கழிவு குழாய்க்கு நேர் கீழே கோபுரம் மாதிரிக் குவிந்து காய்ந்து இறுகிவிடும். பிறகு என்ன செய்தாலும் வெளியே வராது. வால்வைத் திறந்தே விட்டாலும் இதுதான் நடக்கும், தண்ணீர் முதலில் ஓடிவிடும், மற்றது தங்கிவிடும். ஆகவே வால்வு எப்போதும் பூட்டியிருக்க வேண்டும், தாங்கி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு ஒரே அடியாகத் திறக்க வேண்டும். எங்கள் பழக்கத்தால் தாங்கி சுத்தமாக இருக்கும், கெதியாக நிறையும். அவ்வளவுதான்.

சாம்பல் தாங்கிக்குத்தான் எங்களால் உண்மையான கேடு. முதல் நாள் சொதியும் மீன் குழம்பும் சோறும். கழுவின கோப்பைகளிலிருந்து தேங்காய்ப்பால் எண்ணெய், மஞ்சள், பருக்கை எல்லாம் உள்ளே. இரண்டாம் நாளிலிருந்து மனைவி ஒவ்வொரு கோப்பையையும் கடதாசியால் வழித்து, அதைக் குப்பைப் பையில் போட்டுவிட்டுத்தான் கழுவினாள்.

மூன்றாம் நாள் காலை லேக் லூயிஸிலேயே ஊற்றியிருக்கலாம். அங்கே முகாமில் அதற்கான இடம் இருக்கிறது, சானி டம்ப் என்று பலகை. வரிசை நீளமாக இருந்தது. ஜாஸ்பரில் பார்ப்போம் என்றான் மகன். சரி என்று நானும் தலையாட்டினேன். அங்கிருந்து ஜாஸ்பர் ஏறத்தாழ 230 கிலோமீற்றர், முழுக்க மலையும் பனியாறும். போ (Bow) என்ற கணவாயில் பாதை 2,000 மீற்றருக்கு மேலே ஏறுகிறது, நுவரெலியாவை விட உயரம். பெரும்பகுதித் தூரத்துக்குக் கைத்தொலைபேசிக்கு அலை இல்லை. எரிபொருள் இடையில் ஒரேயொரு இடத்தில்தான். அந்த அழகைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு கழிவுத் தாங்கிகளுக்கும் கடைசி விளக்கு எரிந்தது.

மகன் முதலே இறக்கி வைத்திருந்த ஒரு பட்டியலில் வழியில் ஒரு சிறு முகாமில் ஊற்றலாம் என்று இருந்தது. கொலம்பியா பனிவெளியைத் தாண்டி அங்கே போனால், வாசலில் சங்கிலி. பருவம் முடிந்து பூட்டிவிட்டார்கள். குளிர் தொடங்கமுன் குழாய்களில் தண்ணீரை வடித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும். மலைப் பக்கத்தில் இந்த இடங்கள் கோடைக்குத்தான் என்று பிறகு விளங்கியது. பட்டியல் எழுதினவர் ஆடியில் வந்துபோயிருப்பார்.

வண்டியை ஓரமாக நிறுத்தினான். பக்கத்தில் சன்வாப்டா ஆறு, பனியாறு அரைத்த கல்மாவில் பால் கலந்தது போல வெளுத்து, கூழாங்கல் படுக்கையில் பல கிளையாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. பேத்திக்கு அவசரம். வண்டியில் இனி இடமில்லை.

"அப்பா, சாம்பல் தண்ணியை மட்டும் காட்டுக்குள்ள விட்டா என்ன? கோப்பை கழுவின தண்ணிதானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

மூன்று நாளாக வண்டி ஓட்டிக் களைத்த பிள்ளை. கேட்டதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை நேரே 2005 தை மாதத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

சுனாமிக் கடல் அடித்து மூன்று கிழமை. நிலாவெளிப் பக்கம் ஒரு முகாமுக்கு நான் பொறுப்பு. மலசலகூடங்களை அவசரமாகக் கட்டித் தந்திருந்தார்கள். சீமெந்து வளையம் இறக்கிய குழிகள். எங்கள் கரை மணல், மாரி காலத்தில் நான்கடி தோண்டினால் தண்ணீர். பெய்த மழைக்குக் குழிகள் கீழிருந்தும் நிறைந்தன, மேலிருந்தும் நிறைந்தன. உறிஞ்சி எடுக்க ஒரு பவுசர் வந்தது. வந்து எடுத்துக்கொண்டு போகும், திரும்பவும் வரும். எனக்கு இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள்தான் மூளை வேலை செய்தது, இது எங்கே போகிறது? மோட்டர் சைக்கிளில் பின்னால் போனேன். பற்றைக் காட்டுக்குள் இறங்கி, ஒரு வாய்க்கால் கரையில் பின்பக்கத்தைத் திருப்பி நிறுத்தினார் சாரதி. வால்வைத் திறந்தார். அந்த வாய்க்கால் போய்ச் சேரும் குளத்தில் காலையில் பெண்கள் குளித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன்.

கத்தினேன். சாரதி வால்வைப் பூட்டிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமே இல்லாத முகம். அவரும் கடலுக்கு ஆட்களைக் கொடுத்தவர் என்று பிறகு தெரிந்தது.

"எங்க சேர் கொண்டு போறது? ஒரு இடம் சொல்லுங்கோ, கொண்டு போறன்."

என்னிடம் இடம் இருக்கவில்லை. குழி எத்தனை, ஆளுக்கு எத்தனை, கிணற்றுக்கும் குழிக்கும் எத்தனை அடி, எல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். கடைசியில் எங்கே போகும் என்ற நிரல் அந்தக் கொப்பியில் இல்லவே இல்லை. மறுநாள் கிணறில்லாத மேட்டு நிலமொன்றைத் தேடிப் பிடித்து, நீளக் கிடங்குகள் வெட்டுவித்து, ஊற்ற ஊற்றச் சுண்ணாம்பும் மண்ணும் போட்டு மூடினோம். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள்தான் தேவைப்பட்டது. அந்த ஒரு நாளை மூன்று கிழமை முன்னமே நான் செலவழித்திருக்க வேண்டும். இன்றைக்கும் அது எனக்குப் பாரம்தான்.

ஆகவே மகனிடம் வேண்டாம் என்றேன். சோற்றுத் தண்ணீருக்குக் கரடி மணம் பிடித்து வரும், ஒரு தரம் பாதையோரத்தில் சாப்பாட்டு மணம் பழகிய கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட வேண்டி வரும் என்று காரணம் சொன்னேன். அதுவும் உண்மைதான். அங்கே சட்டப்படியும் குற்றம். அந்தப் பனிவெளியிலிருந்து பிரிகிற தண்ணீர் மூன்று சமுத்திரங்களுக்குப் போகிறது, நாங்கள் நின்ற ஆறு அதபாஸ்காவில் சேர்ந்து வடக்கே ஆர்க்டிக் வரைக்கும். பவுசர் கதையை அன்றிரவுதான் சொன்னேன். அதுவரை வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

மிச்சம் 80 கிலோமீற்றரும் குழாயைத் திறக்காமல் போனோம். காட்சி பார்க்கிற இடங்களில் குழிக் கக்கூசுகள் வைத்திருக்கிறார்கள், ஆட்கள் போவதற்கு அவை போதும். வண்டித் தாங்கியை அதற்குள் ஊற்றக் கூடாது, அந்தக் குழிகள் அவ்வளவுக்கு அமைத்தவை அல்ல. ஜாஸ்பருக்குத் தெற்கே விஸ்லர்ஸ் முகாமுக்கு இருட்டினபின் வந்துசேர்ந்து, விடிந்ததும் சானி டம்ப்பில் நின்றோம்.

நான் அந்த இடத்தை ஒரு கோயிலைச் சுற்றிப் பார்ப்பது போலப் பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். ஒரு சீமெந்துத் தளம். நாலாபக்கமிருந்தும் நடுவை நோக்கிச் சரிவு, சிந்தினாலும் அங்கேதான் போகும். நடுவில் ஒரு துவாரம், இரும்பு மூடி. பக்கத்தில் தூணிலிருந்து தொங்கும் ஹோஸ் பைப், குடிக்க ஆகாத தண்ணீர் என்று எழுத்து. குடிதண்ணீர்க் குழாய் எட்டத் தள்ளி, வேறாக. ஒருவருக்கும் அவசரத்தில் கூடப் பிழை விட முடியாதபடி யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

மகன் கையுறை போட்டுக்கொண்டு மூன்று அங்குலக் குழாயை வண்டியில் பூட்டினான். எங்களுக்குப் பின்னால் நின்ற வயதான வெள்ளைக்காரர் இறங்கி வந்து, எங்கள் குழாயின் மறுமுனை துவாரத்துக்குள் இன்னும் ஒரு சாண் இறங்க வேண்டும் என்று காட்டிவிட்டு, தானே காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டார். முதலில் கறுப்புத் தாங்கி. இழுத்ததும் குபீரென்று ஓர் ஓசை, குழாய் பாம்பு மாதிரி ஒரு தரம் துள்ளியது. வண்டிப் பக்கத்து முழங்கை கண்ணாடி போல ஊடு தெரிகிற பிளாஸ்ரிக். அதனூடாக எல்லாம் தெரிந்தது. நன்றாகக் கரைந்து ஓடியது, மனைவியின் போத்தல் தண்ணீருக்கு நன்றி. ஓட்டம் மெலிந்து நின்றதும் அந்த வால்வைப் பூட்டிச் சாம்பல் தாங்கியைத் திறந்தான். அது கடைசியில் வர வேண்டும், முன்னால் போனதை அதுவே கழுவிக்கொண்டு போகும். அந்தக் கண்ணாடி முழங்கைக்குள் இப்போது மஞ்சள் தண்ணீர். மங்கலான, நல்ல மஞ்சள் நிறம். அதில் நாலைந்து சோற்றுப் பருக்கை சுழன்றுகொண்டு போனதைப் பேத்தி குனிந்து பார்த்து, "அப்பம்மான்ர சோறு!" என்று கத்தினாள்.

பிறகு குழாயை வண்டிப் பக்கமிருந்து தூக்கித் தூக்கி வடித்து, அலசி, தளத்தைக் கழுவி, மூடியைப் போட்டுவிட்டு வந்தோம். பதினைந்து நிமிடம். பெரியவர் தன் முறைக்குப் போனார்.

அவை எங்கே போகின்றன என்று மகனிடம் கேட்டேன். இப்படியான இடங்கள் ஒன்றில் ஊரின் கழிவுநீர்க் குழாயோடு இணைந்திருக்கும், அல்லது நிலத்துக்குக் கீழே பெரிய மூடிய தாங்கி இருக்கும், பவுசர் வந்து எடுத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும். பவுசர்தான். அதே பவுசர். அதன் சாரதிக்கு அங்கே ஒரு இடம் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் கழிவுநீர்க் குழாய் கிடையாது. வீட்டுக்கு வீடு குழி, வீட்டுக்கு வீடு கிணறு. உப்புவெளி, நிலாவெளி மணலில் இந்த இரண்டும் எவ்வளவு கிட்ட வந்துவிட்டன என்பதை விடுதிகள் பெருகப் பெருகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை ஆட்கள் வருகிறார்கள், வரட்டும். இப்போது வீட்டையே வானில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் இங்கிருந்து மலைக்கு ஏறுகிறார்கள்.

மலையில் நடப்பது எங்களுக்குத் தூரத்து விசயம் இல்லை. நுவரெலியாவிலிருந்து இறங்கும் நானு ஓயா கொத்மலை ஓயாவில் சேருகிறது, அது மகாவலியில். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் கடலைத் தொடுகிறது. மாரியில் கோணேசர் மலையில் நின்று தெற்கே பாருங்கள், குடாவில் செங்கலங்கல் தெரியும், அது மலைநாட்டு மண். போல்கொல்லையில் திருப்பிவிடும் மகாவலித் தண்ணீர் அம்பன் கங்கை, எலஹெர, மின்னேரியா என்று சுற்றிக் கந்தளாய்க் குளத்துக்கும் வருகிறது. திருகோணமலையில் குழாயைத் திறந்தால் வருவது கந்தளாய்த் தண்ணீர். இருபது லீற்றர்ப் பெட்டி ஒன்று அவ்வளவு தூரம் வந்து எங்களுக்கு நோய் தரும் என்று பொய் சொல்ல மாட்டேன். இடையில் எவ்வளவோ தண்ணீர் கலக்கிறது, குடிக்கமுன் சுத்திகரிக்கிறார்கள். எனக்குப் பயம் ஊற்றுகிற இடத்தைப் பற்றி. தேயிலைத் தோட்டத்து லயங்களில் இன்னமும் பீலித் தண்ணீர் பிடித்துக் குடிக்கிற வீடுகள் இருக்கின்றன. மேலே பாதை வளைவில் ஒரு வான் நின்று, ஆருக்குத் தெரியப்போகுது என்று பெட்டியைக் கானில் கவிழ்த்தால், அரை மைல் கீழே ஒரு பிள்ளை குடத்தை வைத்துக்கொண்டு நிற்கும். நெருப்புக் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் அப்படித்தான் ஒரு லயத்துக்குள் வரும்.

அந்தப் பொடியனுக்கு அன்று சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: நிறையும்வரை காத்திராதே, கிடைக்கிற இடத்தில் பாதியிலேயே ஊற்று. விடுதிக்காரரிடம் நேரே கேள், கட்டணம் கொடு, மருந்துப் போத்தலைக் காட்டு. பெற்றோல் செற் மலசலகூடத்தில் கேட்காமல் ஊற்றாதே, அந்தக் குழி எவ்வளவு சிறியதென்று உனக்குத் தெரியாது. மழைத்தண்ணீர் போகிற கானில் ஒருபோதும் இல்லை. இனி வானை மாற்றிக் கட்டினால் சிறுநீரைப் பிரித்தெடுத்து, மற்றதற்குத் தும்புத்தூள் போடுகிற வகையைப் பூட்டு, தும்புத்தூள் இந்த நாட்டில் எங்கும் கிடைக்கும்.

அவர்கள் போன பிறகு மனம் கேட்கவில்லை. மலைநாட்டில் என்னோடு பயிற்சி எடுத்த பழைய ஆட்களுக்குப் போன் எடுத்தேன். முதலில் சிரித்தார்கள், பிறகு யோசித்தார்கள். ஒருவர் தனக்குத் தெரிந்த விடுதியில் கேட்டுச் சொன்னார். ஒருவர் ஒரு தேவாலயத்துத் தங்குமடத்தைச் சொன்னார், அங்கே பெரிய குழி இருக்கிறது, கிணறு கிட்ட இல்லை, பாதரும் சரி என்றுவிட்டார். கண்டியில் இருப்பவர் பவுசர் கொட்டுகிற ஒழுங்கான இடத்துக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று விசாரித்துத் தந்தார். ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினேன்: இடம், குழியின் அளவு, கிணறு எவ்வளவு தூரம், யாரைக் கேட்பது. பழைய கொப்பியில் இல்லாத அந்தக் கடைசி நிரலையும் கோடு போட்டுச் சேர்த்தேன்.

எட்டாம் நாள் பொடியன் நானு ஓயா ஊரிலிருந்து போன் எடுத்தான். பெட்டி முக்கால்வாசி என்றான். தங்குமடத்தின் வழியைச் சொன்னேன். பின்னேரம் பெண்சாதி எடுத்து, ஊற்றியாயிற்று, பாதர் தேத்தண்ணியும் தந்தார் என்றாள்.

இதுவரை ஆறு இடம் எழுதியிருக்கிறேன். நுவரெலியாவுக்கும் ஹற்றனுக்கும் இடையில் ஒன்றும் அகப்படவில்லை, எல்லப் பக்கமும் இல்லை. அந்தப் பகுதியில் பெரிய குழியும், தள்ளியிருக்கும் கிணறும், மனமும் உள்ள வீட்டுக்காரரோ விடுதிக்காரரோ இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள். குழியைத் திறந்து ஒருக்கால் பார்த்துவிட்டு எழுதுங்கள்.